உள் தேதி, வெளித் தேதி

எங்கள் தொழிலில் ஒரு வேலைக்கு இரண்டு தேதி உண்டு. கட்டிடத்தின் சொந்தக்காரருக்குச் சொல்வது வெளித் தேதி. வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வது உள் தேதி. உள் தேதி எப்போதும் முந்தி வரும். மாதக் கடைசியில் முடிய வேண்டியதை மாத நடுவிலேயே முடிக்கச் சொல்லி உயிரை எடுத்தால்தான் அது மாதக் கடைசியிலாவது முடியும். இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தருவதில்லை. என் முதல் சைட்டில் பெயின்டர் ஒருவர் எனக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். பாதி பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நானே கற்றுக்கொண்டது இது.

இதில் ஒரே சங்கடம், உள் தேதி பொய் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் திங்கள் என்றால் டைல்ஸ்காரர் அதை வியாழன் என்று எடுத்துக்கொள்வார். அவர் அப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் நான் திங்கள் என்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இப்படி ஒருவர் காதில் ஒருவர் பூச்சுற்றிக்கொண்டேதான் ஊரிலுள்ள கட்டிடமெல்லாம் எழும்பி நிற்கிறது.

சைட் இன்ஜினியராகச் சேர்ந்து, பிளானிங்கில் உட்கார்ந்து, புராஜெக்ட் மேனேஜர் ஆனவள் நான். சொல்லும்போது ஒரே வரிதான். ஏறி வருவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சேர்ந்த புதிதில் என்னைப் பார்த்தவர்கள் மேனேஜர் எங்கே என்று என்னிடமே கேட்பார்கள். மேனேஜரான பிறகும் அப்படித்தான் கேட்டார்கள். ஊர் ஊராக சைட், ஊர் ஊராக வாடகை அறை, கதவுக்குப் பின்னால் தொங்கும் சிமென்ட் படிந்த சட்டை. வீடு வேறு ஊரில் இருந்தது. அங்கே என் வீட்டுக்காரரும் மகளும் இருந்தார்கள். அவருக்கு நூலகத்தில் வேலை. திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டையும் கதவிலேயே எழுதி மாட்டியிருக்கும் உத்தியோகம். அவர் புண்ணியத்தில் மகள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, படித்து, ஆளானாள். நான் லீவு கிடைத்தபோது வந்து போகிற ஆள்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மகளின் பிறந்தநாளோ, பள்ளிக்கூட நாடகமோ, எத்தனை வேலை இருந்தாலும் கடைசி நிமிஷத்திலாவது ஓடிப் போய் நின்றுவிடுவேன். சில சமயம் மேடையில் திரை விலகும்போதுதான் நான் உள்ளே நுழைந்திருப்பேன். வேர்த்து விறுவிறுத்து, ஷூவில் சேறோடு. நேரத்தை நிர்வாகம் பண்ணத் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்வேன்.

ஒரே ஒரு முறைதான் தவறியது. அவள் பட்டம் வாங்கிய அன்று. அந்த வாரம் சைட்டில் கிரேன் படுத்துவிட்டது. போன் பண்ணி, "சைட்ல ஒரு பிரச்சினைடா" என்று ஆரம்பித்தேன். முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. "புரியுதும்மா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்த "புரியுதும்மா" நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

இப்போது அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்திருந்தது. ஒருநாள் போனில், "வியாழக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு ஃப்ளைட்மா. நீ சாயந்திரத்துக்குள்ள வந்துடணும்" என்றாள். எந்த வியாழன் என்று கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டேன். டிக்கெட்டை அனுப்பட்டுமா என்றாள். அதெல்லாம் எதற்கு, தேதி தெரிந்தால் போதாதா என்றேன். சைட்டில் ஒரு மூட்டை சிமென்ட் வந்து இறங்கினாலும் சீட்டை இரண்டு தடவை பார்க்கிறவள், மகளின் டிக்கெட்டைப் பார்க்கவில்லை.

அப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஓர் ஆஸ்பத்திரி. ஒப்படைக்க வேண்டிய வெளித் தேதி மாதக் கடைசி. மகள் கிளம்பும் வியாழனுக்கும் அதற்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. நான் வழக்கம்போல எல்லோருக்கும் உள் தேதியைச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த விரட்டலில்தான் டைல்ஸ்காரர் ஒருநாள் என் கன்டெய்னர் ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்தார். காதில் பென்சில், முகத்தில் மாவு மாதிரி தூசி. அன்றைக்கு மூன்றாவது மாடியில் தரை போட வரச் சொன்னதே நான்தான். மனிதர் பக்கத்து சைட்டிலிருந்து ஆட்களைப் பிடுங்கிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலே போய்ப் பார்த்தால் குழாய் வேலைக்காரர்கள் இன்னும் தண்ணீர் ஏற்றிக் கசிவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை முடிக்காமல் தரையை மூட முடியாது. ஆட்களெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். அன்று அவர் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பரிசு கொடுக்கிறார்களாம். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

"மேடம், எனக்கு மட்டுமாவது நிஜத் தேதியச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா முடிச்சிடுவீங்களா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மூலையில் வரைபடம் மடித்துக்கொண்டிருந்த என் துணை மேனேஜரும் சிரித்தார். எங்கள் தொழிலில் இதற்குப் பதில் கிடையாது. அவர் பென்சிலைக் காதில் சரிசெய்துகொண்டு மறுபடி மாடி ஏறினார்.

அப்புறம் நடந்ததுதான் அநியாயம். என் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கட்டிடம் உள் தேதிக்கே முடிந்துவிட்டது. மழை வந்து கெடுக்கவில்லை. லிஃப்ட் சொன்ன நாளில் வந்து இறங்கியது. எலக்ட்ரீஷியன்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை போடவில்லை. டைல்ஸ்காரர்கூட நான் திங்கள் என்றதற்குத் திங்களே முடித்துக் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு வேறு வேலை கையில் இல்லை என்றார். நான் ஊரெல்லாம் பரப்பிய பொய் ஒன்று என் கண்முன்னே உண்மையாகி நின்றது. சந்தோஷப்படத்தான் வேண்டும். நான் காலண்டரை எடுத்து நாளை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

மகள் கிளம்பும் வாரம், திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வந்தார். எங்கள் கம்பெனியின் எல்லா சைட்டுக்கும் அவர்தான் தலை. மாடி மாடியாக ஏறி இறங்கினார். குழாயைத் திறந்து பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார். ஆஸ்பத்திரியின் சேர்மன் வெளிநாடு கிளம்புகிறாராம், கட்டிடம் தயார் என்று தெரிந்ததும் கிளம்புவதற்கு முன்பே வாங்கிக்கொள்ள ஆசைப்படுகிறாராம். வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒப்படைப்பு.

"நீயே கூட இருந்து எல்லாத்தையும் சுத்திக் காட்டும்மா" என்றார் பெரியவர். "அங்கயே வச்சு ஏரிக்கரைய உன் பொறுப்புன்னு சொல்லிடுறேன்."

ஏரிக்கரை என்பது கம்பெனி அடுத்து எடுத்திருக்கும் வேலை. ஒரு ஊரையே கட்டுகிற மாதிரி. வீடுகள், பள்ளிக்கூடம், கடைத்தெரு, பாலம். அதன் தலைமைப் பொறுப்பு என்றால் எனக்குக் கீழே நாலைந்து மேனேஜர்கள். இந்த நாற்காலிக்குத்தான் இத்தனை வருஷம் வாடகை அறைகளில் படுத்து எழுந்தேன். அதுவாக வந்து கதவைத் தட்டுகிறது, அதுவும் வியாழக்கிழமை பார்த்து.

வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். சேர்மன் வெள்ளி காலையே பறந்துவிடுவார் என்றார். காலையில் வைத்துக்கொள்ளலாமா என்றேன். சேர்மனுக்குக் காலையில் வேறு வேலை. சைட்டிலிருந்து என் வீட்டுக்கு ரயிலில் அரை நாள். மதியம் சுற்றிக் காட்டிவிட்டு ஏறினால், விமானம் போன பிறகு வெறும் வீட்டுக்குத்தான் போய்ச் சேருவேன். எப்படி மாற்றி அடுக்கினாலும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. இடுக்கில் ஒரு மணி நேரத்தைக்கூடத் திருட முடியவில்லை.

வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன். "சைட்ல ஒரு..." என்று நான் ஆரம்பிப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து "புரியுதும்மா" என்று வரும். அதை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை பெரியவரிடம் போய், மகள் கிளம்புகிறாள், நான் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குடும்பம்தானே முக்கியம், தாராளமாகப் போய்வா என்றார். இந்த "தாராளமாக" எந்த ரகம் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வந்துவிடு, திருத்த வேலைகள் இருக்கும் என்றும் சொன்னார். அப்படியே கழுத்தைத் திருப்பித் துணை மேனேஜரைப் பார்த்து, "தம்பி, நாளைக்கு நீ பாத்துக்குவியா?" என்று கேட்டார். தம்பி பாத்துக்குவாராம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மறுநாள் காலை நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, மனுஷன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நின்றார். அதைப் பார்த்து வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போனால் போகட்டும், ஏரிக்கரைதானே. மகளை வழியனுப்ப ஒரு நாள்தான். இந்தத் தடவை திரை விலகும் நேரத்தில் ஓடி வருகிற அம்மா இல்லை, கிளம்புகிற அன்று மதியமே வந்து நிற்கிற அம்மா. அவள் முகம் எப்படி மலரும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். அதிலேயே கொஞ்சம் தூங்கியும் போனேன்.

மகள்தான் கதவைத் திறந்தாள். தலையில் ஈரத் துண்டு, பழைய டீ-ஷர்ட். முகம் மலரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நான் சைட்டுக்குள் நுழைந்தால் பெயின்டர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

"அம்மா! வந்துட்டியா?"

உள்ளே போனால் கூடத்தின் நடுவில் பெட்டி திறந்து கிடந்தது. காலி. துணியெல்லாம் வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குள் இருந்த மேனேஜர் விழித்துக்கொண்டாள். ராத்திரி விமானத்தை வைத்துக்கொண்டு இப்போதுதான் துணி துவைக்கிறீர்களா, அது எப்போது காயும், பெட்டியை எப்போது கட்டுவது, வண்டிக்குச் சொல்லியாகிவிட்டதா, பாஸ்போர்ட் எங்கே என்று வந்த வேகத்தில் பொரிந்து தள்ளினேன். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. சமையலறையிலிருந்து அவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ சொல்கிறாயா நான் சொல்லட்டுமா என்கிற பார்வை.

அவர்தான் சொன்னார். "ஃப்ளைட் சனிக்கிழமை. உனக்கு மட்டும் ரெண்டு நாள் முன்தள்ளி வியாழன்னு சொல்லி வச்சோம்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சோபாவில் மடித்து வைத்திருந்த போர்வைகளின் மேலேயே உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. துணை மேனேஜர் அனுப்பிய படம். ஆஸ்பத்திரி வாசலில் சேர்மன், பெரியவர், நடுவில் வெள்ளைச் சட்டை. பெரியவரின் கை அவர் தோளில். கீழே, எல்லாம் நல்லபடியாக முடிந்தது மேடம், ஏரிக்கரையை என்னைப் பார்க்கச் சொல்லிவிட்டார், உங்கள் ஆசீர்வாதம் வேண்டும் என்று எழுதியிருந்தார்.

அவ்வளவுதான். கத்தினேன். அக்கம்பக்கத்துக்குக் கேட்கிற மாதிரிதான் கத்தினேன். நான் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் தெரியுமா என்று ஆரம்பித்து ஏரிக்கரை, சேர்மன், வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் கொட்டினேன். மகள் முகம் வெளுத்துவிட்டது. ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றாள். பண்ணினால் நீ புரியுதும்மா என்று சொல்வாய் என்றேன்.

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்று நேற்றுப் பழக்கம் இல்லையாம். அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்தே எல்லாவற்றுக்கும் எனக்கு முன்தள்ளித்தான் சொல்வார்களாம். நாடகம் ஆறு மணிக்கு என்றால் எனக்கு நாலு மணி என்பார்கள். பட்டமளிப்புக்கு மட்டும், அவள் பெரியவளாகிவிட்டாள், இனி எதற்கு இந்த வேலை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்களாம்.

என் கர்வமெல்லாம் காற்றுப் போன பலூனாகச் சுருங்கியது. திரை விலகுகிற நேரத்துக்குச் சரியாக நுழைந்தேனே, அது என் சாமர்த்தியம் இல்லை. இத்தனை வருஷமாக இந்த வீடு என்னையும் ஒரு டைல்ஸ்காரராக வைத்து வேலை வாங்கியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

"எங்கிட்ட நிஜத் தேதியச் சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா வந்திருப்பியாம்மா?"

குத்திக்காட்டவில்லை அவள். கோபமும் இல்லை. நான் கன்டெய்னர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு கேட்ட அதே குரல். டைல்ஸ்காரர் சிரித்த மாதிரி சிரித்துவிட்டுப் போக எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. திங்கள்தான் வருவேன் என்று பெரியவருக்குத் தகவல் அனுப்பினேன். சரி என்று ஒரே வார்த்தை வந்தது. அதற்கு மேல் என்னிடமிருந்து பறிக்க அவர்களுக்கும் ஒன்றும் மிச்சமில்லை. அந்த இரண்டு நாளும் என் வீட்டில் நான் விருந்தாளி. டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. கட்டிடம் முழுக்க எந்தக் கம்பி எங்கே ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள், சொந்தக் குளியலறையில் வெந்நீருக்குக் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைத் திருகிக்கொண்டு நின்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை திருகலாம்போல இருந்தது.

பெட்டியை மூன்று பேருமாக அடுக்கினோம். எடை கூடுகிறது என்று எடுத்தோம், குறைகிறது என்று வைத்தோம். நடுவில் டைல்ஸ்காரர் போன் பண்ணினார். லிஃப்ட் வாசலில் ஒரு டைல் தட்டினால் உள்ளே காலியாகச் சத்தம் கேட்கிறதாம், எடுத்துவிட்டு வேறு பதிக்க வேண்டும், என்றைக்கு வரட்டும் என்று கேட்டார்.

"திங்கட்கிழமை" என்றேன். "நிஜமாவே திங்கட்கிழமை."

"சரிங்க மேடம், வியாழன் வந்துடுறேன்" என்று வைத்துவிட்டார். மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த சட்டையை இன்னும் சின்னதாக மடித்தாள்.

சனிக்கிழமை சாயந்திரம் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம். நேரம் நிறைய இருந்தது. எனக்குத் தெரிந்து நான் எங்கேயும் இவ்வளவு சீக்கிரம் போய் நின்றதில்லை. அப்பாவுக்கு அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், மாத்திரையை மறக்காதே, மோட்டாரை அணைத்துவிட்டுத் தூங்கு என்று. பிறகு என்னிடம் வந்தாள். கட்டிக்கொண்டாள். சோப்பு வாசனை, துவைத்த துணி வாசனை. இவள் எப்போது என்னைவிட உயரமானாள் என்று தெரியவில்லை.

"அடுத்த வருஷம் இதே மாசம் வந்துடுவேன்மா."

தேதி சொல்வதுதான் என் பிழைப்பு. சொல்கிறவர் கண்ணைப் பார்த்தால் எந்தத் தேதி என்று கண்டுபிடித்துவிடுவேன். அவள் கண்ணைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"உள் தேதியா, வெளித் தேதியா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "வந்துடுவேன்மா" என்று மறுபடியும் சொன்னாள். கட்டிடத்தின் சொந்தக்காரர்கள் நெருக்கிக் கேட்கும்போது நானும் அப்படித்தான் சொல்வேன், முடிச்சிடுவோம் சார் என்று. அதற்கு மேல் அவர்களும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பெட்டியைத் தள்ளிக்கொண்டு கதவுக்குள் போனாள், திரும்பிக் கை அசைத்தாள், கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

வெளியே வந்து வண்டிக்கு நின்றபோது, போகும்போது உன்னிடம் என்ன சொன்னாள் என்று அவர் கேட்டார். அடுத்த வருஷம் வருகிறாளாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். மனசுக்குள் இன்னொரு வருஷத்தைக் கூட்டிக்கொள்வது அவர் முகத்திலேயே தெரிந்தது. நானும் கூட்டிக்கொண்டேன்.